8 டிகிரி அட்சரேகையில் எதிரெடைத் தண்டு முக்காலியில் இடிக்கிறது – உதவி தேவை

இடம் நாகர்கோவில், அட்சரேகை 8.2°. 150 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி, ஈக்யூ-3 மவுண்ட் (வான்சுழற்சியைப் பின்தொடரும் தாங்கி). தை மாதத்திலிருந்து இதே சிக்கல்: துருவ அச்சை (வான துருவத்தை நோக்க, அட்சரேகைக்குச் சமமான கோணத்தில் சாய வேண்டிய மவுண்டின் அச்சு) 20°க்குக் கீழே இறக்கினால், கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக இருக்கும் பொருளை நோக்கும்போது எதிரெடைத் தண்டு (குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் எடை மாட்டிய தண்டு) முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது. உச்சிவட்டத்தருகே (வடக்கு-தெற்காக உச்சி வழியே செல்லும் கோட்டருகே) உள்ள பொருளை நோக்கினால் தண்டு கிடைமட்டமாகிவிடும், தொல்லையில்லை.

எடையைத் தண்டில் மேலே ஏற்றினால் சமநிலை கெடுகிறது. மவுண்டின் அட்சரேகை அளவுகோலை 20°யில் விட்டு, வடக்குக் காலை 19 செ.மீ. குறைத்தேன் (கால் விரிவு 90 செ.மீ., சாய்வு 12°). கோணம் சரி, ஆனால் பாரம் வடக்கே போய், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் படம் நடுங்குகிறது. துருவ நட்சத்திரம் 8° உயரத்தில் மலைக்கும் மூட்டத்துக்கும் பின்னே மறைவதால் நட்சத்திர நகர்வைப் பார்த்துத்தான் அச்சைத் திருத்துகிறேன்.

முக்காலியை 60° திருப்பி, தண்டு இரு கால்களுக்கு நடுவே இறங்கும்படி அஸிமுத் முளையை (மவுண்டைக் கிடைமட்டமாகத் திருப்பும் திருகுகள் அழுத்தும் முளை) இடம் மாற்றினால், திருகுகள் அதை உறுதியாகப் பிடிக்குமா?