[சொல்லாக்கம்] பழகிய களம், பழகாத களம்: வியாழன் காலைக்குள் சொல் தேவை

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஓர் அவசரம். விளையாட்டு இதழ் ஒன்றுக்காக ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் களம் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழன் காலை கொடுத்தாக வேண்டும். கட்டுரை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் தடவை வருகிற ஆளை அந்தக் களம் மிரட்டுகிறது. அதே ஆள் பத்தாவது தடவை வரும்போது அவ்வளவு மிரட்டுவதில்லை. அதே 18 குழிகள், அதே 112 மணற்பள்ளங்கள், அதே கடற்காற்று. நமக்கெல்லாம் புது ஊருக்குப் போகிற வழி நீளமாகவும் திரும்புகிற வழி குட்டையாகவும் தெரியுமே, அந்த மாதிரி.

எனக்கு இரண்டு சொல் வேண்டும். ஆட்டக்காரருக்குக் களத்தோடு இருக்கும் பழக்கத்துக்கு ஒன்று. களம் எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தோன்றுவதற்கு ஒன்று. முதலாவதற்குக் ‘கள அறிவு’ என்று போட்டேன். பிரித்து எழுதாதே, கலைச்சொல் என்றால் சேர்த்தெழுது என்கிறார் இதழாசிரியர்.

நா. எழுதியது:

தாராளமாகச் சேர்த்தெழுதுங்கள் அம்மா. களம் + அறிவு. மகரம் கெடும், வகர உடம்படுமெய் வரும், ‘மரவடி’ போல. கிடைப்பது களவறிவு. திருடத் தெரிந்தவன் என்று பொருள். அகப்பொருள் படித்தவன் கண்ணில் பட்டால் பொருள் இன்னும் மோசம்.

சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்: இடனறிதல். ‘தொடங்கற்க எவ்வினையும் எள்ளற்க முற்றும் இடங்கண்ட பின்அல் லது.’ இடனறிவு என்று போடுங்கள், முடிந்தது.

வ. எழுதியது:

ஐயா, இடனறிதல் என்பது தனக்குச் சாதகமான இடம் பார்த்து மோதுவது. முதலை தண்ணீருக்குள் வெல்லும், வெளியே வந்தால் தோற்கும் என்கிற சங்கதி. இங்கே இடத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமையே ஆட்டக்காரருக்கு இல்லை. போட்டி எங்கே நடக்கிறதோ அங்கே போய் ஆட வேண்டும். திரும்பத் திரும்பப் போவதால் வருவதுதானே விஷயம்? எங்கள் ஊர் பஸ் டிரைவர் “இந்த ரோடு எனக்குப் பழக்கம்” என்பார். களப்பழக்கம் என்று வைத்தால் என்ன குறை?

நா. எழுதியது:

குறை இல்லை. ஆனால் பழகு என்பதன் வேரைப் பார்த்தீர்களா? பழம், பழுத்தல், பழமை, பழகுதல், பழைமை எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் நெடுநாள் துணிபு. காய் பழுப்பது போல உறவு பழுப்பதே பழக்கம். அப்படியானால் மூன்று தடவை ஆடியவனுக்கு இருப்பது பழக்கமா, செங்காயா?

ம. எழுதியது:

நான் எடின்பரோவில் இருக்கிறேன். அந்தக் களத்தில் மூன்று தடவை ஆடியிருக்கிறேன், ஐயா கணக்குப்படி செங்காய். கட்டுரை சொல்வதில் எனக்கு ஒரு சந்தேகம். பழகினால் எளிதாகத் தெரியும் என்பது பாதி உண்மைதான்.

12ஆவது குழி. முதல் தடவை நின்றபோது எதிரே பச்சைப் பசேலென்று புல், நடுவில் ஒன்றும் இல்லை. சந்தோஷமாக ஓங்கி அடித்தேன். போய்ப் பார்த்தால் பந்து ஓர் ஆழமான மணற்பள்ளத்தில் கிடக்கிறது. அந்தப் பள்ளங்கள் அடிக்கிற இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. இரண்டாம் தடவை அவை எங்கே இருக்கின்றன என்று தெரியும். தெரிந்ததனால் கை நடுங்கி, பந்து நாற்பது அடி கூடப் போகவில்லை. அறியாதவனுக்கு எளிது, அறிந்தவனுக்குக் கடினம்.

17ஆவது குழி இன்னொரு விதம். எதிரே கொட்டகை. அதன் சுவரில் எழுதியிருக்கும் ஹோட்டல் பெயரில் எந்த எழுத்துக்கு மேலாக அடிக்க வேண்டும் என்று கேடி (ஆட்டக்காரரின் பையைச் சுமந்து வரும் உதவியாளர்) சொல்வார். பந்து எங்கே விழும் என்று தெரியாது, எழுத்தை நம்பி அடிக்க வேண்டும். அங்கே உள்ள பள்ளத்தில்தான் 1978 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் ஜப்பானின் டாமி நகாஜிமா மாட்டிக்கொண்டு, அந்த ஒரு குழிக்கு 9 தட்டு தட்டினார். அதைக் கேள்விப்பட்டவன் ஒரு தடவைகூட ஆடாமலே பயப்படுவான். இதுவும் பழக்கத்தில் சேருமா?

செ. எழுதியது:

ம., நீங்கள் என் கட்டுரையைக் கெடுக்கிறீர்கள். அதில் முக்கிய உதாரணம் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ். 1921 ஓபனில், 19 வயதில், மூன்றாம் சுற்றில் 11ஆவது குழியின் மணற்பள்ளத்தில் சிக்கி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு விலகினார். 1927இல் அதே களத்துக்கு வந்து 6 தட்டு வித்தியாசத்தில் ஓபன் பட்டம் வென்றார். 1930இல் தொழில்முறை அல்லாதவர்களுக்கான பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டமும் அங்கேயே.

வ. எழுதியது:

ஆறு வருஷத்தில் 19 வயதுப் பையனுக்கு 25 வயது ஆகிவிட்டதே! எவ்வளவு பழக்கம், எவ்வளவு பயிற்சி, எவ்வளவு பக்குவம் என்று யார் பிரித்துக் கொடுப்பது? கட்டுரையாளர் எல்லாவற்றையும் பழக்கம் என்ற ஒரே கணக்கில் வரவு வைக்கிறார்.

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். களத்தின் கடினத்தை அளக்க ஒரு முறை இருக்கிறது. ஸ்லோப் ரேட்டிங் என்பார்கள். 55 முதல் 155 வரை, நடுத்தரக் களத்துக்கு 113. தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரரை ஒரு களம் எவ்வளவு கூடுதலாகச் சோதிக்கும் என்பதன் அளவு அது. நீங்கள் நூறு தடவை ஆடினாலும் அந்த எண் மாறாது. ஆக, எண்ணில் இருப்பது ‘அளந்த கடினம்’. உங்களுக்கு வேண்டியது ‘உணர்கடினம்’. வினைத்தொகை, சின்னது, வாசகருக்கும் புரியும்.

நா. எழுதியது:

வினைத்தொகையில் வடசொல்லை நட்டிருக்கிறீர்கள். கடினத்துக்குத் தமிழ் அருமை. ‘அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்.’ உணரருமை என்க.

வ. எழுதியது:

“இந்தக் களத்தின் உணரருமை அதிகம்” என்று படிக்கிற வாசகர், அடடா என்ன அருமையான களம் என்று விமான டிக்கெட் எடுத்துவிடுவார். முதல் குழி முடிவதற்குள் சாபமிடுவார், உங்களைத்தான்.

நா. எழுதியது:

சொல் தேய்ந்ததற்கு நானா பொறுப்பு? போகட்டும். கடற்கரை மணல்மேட்டில் அமைந்த இவ்வகைக் களங்களுக்கு ‘லிங்க்ஸ்’ என்றே எழுதுகிறார்களே, சங்கப் பாட்டில் எக்கர் இருக்கிறதே! அலை குவித்த மணல்மேடு. எக்கர்க்களம்.

வ. எழுதியது:

அச்சில் ‘ஏக்கர்’ என்று திருத்தி, எத்தனை ஏக்கர் என்று ஒரு கேள்விக்குறியும் போட்டு அனுப்புவார்கள்.

செ. எழுதியது:

ஐயா, வ. அண்ணா, இரண்டு பேருக்கும் கும்பிடு. மணி காலை ஐந்து. களப்பழக்கம், உணர்கடினம் என்று போட்டு அனுப்பிவிட்டேன். தனி மடலில் நான்கு பேர் சரி என்றார்கள். ஒருவர் ‘எதையாவது போட்டு முடியுங்கள்’ என்றார், அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொண்டேன். ம. சொன்ன 12ஆவது குழி விஷயத்தை அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். ஆசிரியர் விடுவாரா தெரியாது.

ம. எழுதியது:

அனுப்பிவிட்டீர்கள், சரி. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளங்கள் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை தெரியுமா? ஒரு காலத்தில் அந்தக் களத்தை இரு திசையிலும் மாற்றி மாற்றி ஆடினார்கள். எதிர்த் திசையிலிருந்து வந்தால் அவை பளிச்சென்று தெரியும். இப்போதும் எப்போதாவது சில நாள் அப்படித் திருப்பி ஆட விடுகிறார்கள். அன்று போனால் என் மூன்று தடவைப் பழக்கமும் தலைகீழ். பழக்கம் இருப்பது களத்தோடு அல்ல, வழியோடு. ‘தடப்பழக்கம்’ என்று வைத்திருக்கலாம்.

நா. எழுதியது:

தடம் நன்று, களத்தைவிட நன்று. கடினத்தை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். எக்கர் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.