ஆங்கிலத்தில் அபாஸ்ட்ரபி இனியும் தேவையா?

கயல்: ஆங்கிலப் பிழைதிருத்தம்தான் என் வேலை. நாள் முழுக்க எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் அபாஸ்ட்ரபி (') என்ற அந்தச் சின்னக் குறியைப் போடுவதும் எடுப்பதுமாகவே போகிறது. பேசும்போது அது காதில் விழுவதே இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் எல்லாம் புரிகிறது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடையே 2012ல் தன் பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டது. இதைக் காப்பாற்றவே 2001ல் சங்கம் தொடங்கிய ஜான் ரிச்சர்ட்ஸும் 2019ல், 96 வயதில், சங்கத்தை மூடிவிட்டார். அப்புறம் எதற்கு இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

தெற்குவாசல்: ஊர்ப் பெயர், தெருப் பெயரில் தாராளமாக எடுத்துவிடலாம். லண்டன் சுரங்க ரயிலில் ஏர்ல்ஸ் கோர்ட்டுக்குக் குறி உண்டு, பேரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது, அதனால் யாரும் வழி தவறியதில்லை. அமெரிக்காவின் புவியியல் பெயர்கள் வாரியம் 1890லிருந்தே இதை ஒதுக்கி வருகிறது, மார்த்தாஸ் வின்யார்ட் தீவு மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களுக்குத்தான் விலக்கு.

நெய்தல்: பெயர்ப்பலகை வேறு, வாக்கியம் வேறு நண்பரே. 2021ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஒரு அவதூறு வழக்கு. தன் பழைய முதலாளி ஊழியருக்கான ஓய்வுக்கால நிதியைக் கட்டவில்லை என்று ஒருவர் முகநூலில் எழுதினார், குறியை விட்டுவிட்டார். எஸ்ஸுக்கு முன்னால் குறி இருந்தால் (employee's) ஒரே ஊழியர், பின்னால் இருந்தால் (employees') பல ஊழியர்கள். என்னை மட்டும்தான் சொன்னேன் என்றார் அவர். பலரையும் ஏமாற்றியதாகப் படிக்க இடமிருக்கிறது என்று சொல்லி, வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்துவிட்டார். தமிழில் 'ஊழியரின்', 'ஊழியர்களின்' என்று சொல்லே காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு இந்தக் குறியை விட்டால் வேறு ஆள் இல்லை.

கயல்: இந்த வழக்கு எனக்குத் தெரியாது. சரி, உடைமைக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், டோன்ட் (don't), வோன்ட்டில் (won't) எல்லாம் எதற்கு?

பழையபேனா: அங்கே நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா செய்ததுதான் சரி. டோன்ட், வோன்ட்டில் எடுத்துவிட்டார், ஆனால் 'ஹீல்' (he'll) என்று சுருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டார், ஏனென்றால் குறியை எடுத்தால் அது நரகம் (hell) ஆகிவிடும். எங்கே அர்த்தம் மாறுகிறதோ அங்கே வேண்டும், மற்ற இடத்தில் பழக்கத்துக்காக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தெற்குவாசல்: ஆனால் அந்தப் பழக்கத்தை லேசாக நினைக்காதீர்கள். 2024ல் இங்கிலாந்தின் நார்த் யார்க்‌ஷர் கவுன்சில், கணினித் தரவுத்தளத்தில் சிக்கல் வருகிறது என்று தெருப் பலகைகளில் குறியை நிறுத்தியபோது, அங்குள்ள ஹாரோகேட் ஊரில் ஒரு புதுப் பலகையில் யாரோ பேனாவால் அதை வரைந்து வைத்துவிட்டார்கள்.