கண்ணுக்குச் சரி, காதுக்குப் பிழை: 312 பக்க நாவலில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

பக்கம்புரட்டி (கேள்வி):

வணக்கம். பார்வையற்ற வாசகர்களுக்காக நூல்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) வழியாக உரையாக்கி, மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கும் குழுவில் சில மாதங்களாக இருக்கிறேன். இதுவரை கைக்கு வந்தவை புதிதாக அச்சான கட்டுரை நூல்கள். இப்போது முதன்முறையாக ஒரு பழைய நாவல். 1962இல் அச்சானது, 312 பக்கம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தேன். டெசராக்ட் என்ற எழுத்துணரியின் தமிழ்த் தரவைக் கொண்டு உரையாக்கினேன். இரண்டு முறை மெய்ப்புப் பார்த்தேன். இரண்டாம் முறை, பக்கத்தின் படத்தை ஒரு பாதியிலும் உரையை மறு பாதியிலும் வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். இதற்கு மேல் ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் அனுப்பினேன்.

திரைவாசிப்பானில் (உரையைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்) கேட்டுப் பார்த்த வாசகர் பத்தாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். 'அவர்கள்' வரும் இடமெல்லாம் 'அவா' என்று நீண்டு, பிறகு தனியாக 'கள்' என்று கேட்கிறதாம். 'பரிசு' வாயில் நுழையாத ஏதோவாக ஒலிக்கிறதாம். 'கௌரவம்' நடுவில் ஒரு 'ள' தலைநீட்டுகிறதாம். அவர் குறித்துக் கொடுத்த இடங்களை எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பிழையும் தெரியவில்லை. பழுது குரலிலா, உரையிலா? குரலில்தான் என்றால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

நிரல்முடிச்சு:

குரலின் மேல் பழி போடாதீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். தேடல் பெட்டியில் 'அவர்கள்' என்று நீங்களே தட்டச்சிட்டுத் தேடுங்கள். கண்ணெதிரே இருக்கும் சொல்லைக் கணினி 'இல்லை' என்றால் நோய் பிடிபட்டது.

பல எழுத்துருக்களில் 'ர்' என்பதும், துணைக்காலின் மேல் புள்ளி வைத்த 'ா்' என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். எழுத்துணரி வடிவத்தைப் பார்க்கிறது, துணைக்கால் என்று முடிவு செய்கிறது. நம் கண்ணும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் தரும் யூனிகோடில் ரகரத்தின் எண் 2992, துணைக்காலின் எண் 3006. திரைவாசிப்பான் எண்ணைத்தான் வாசிக்கும், வடிவத்தை அன்று. 'ரி', 'ரீ' இரண்டும் இப்படித்தான் 'ாி', 'ாீ' என்று மாறியிருக்கும்.

இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். துணைக்காலுக்குப் பின் புள்ளியோ கொக்கியோ வரும் சொல் தமிழில் கிடையாது.

'கௌரவம்' வேறு கதை. ஔகாரக் குறியின் வலப்பாதிக்கென்று தனி எண் உண்டு, 3031. உங்கள் உரையில் அந்த இடத்தில் ளகரம் (2995) உட்கார்ந்திருக்கும். 'வெள்ளம்', 'தெளிவு' போன்றவை கெடாமல் இருக்க, ஒற்றைக்கொம்பு பெற்ற எழுத்துக்கு அடுத்து, புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாமல் வரும் வெறும் ளகரத்தை மட்டும் தேடி மாற்றுங்கள்.

பக்கம்புரட்டி:

'அவர்கள்' 6 இடங்களில்தான் கிடைத்தது! 312 பக்கத்தில் ஆறே ஆறு. இரண்டு மாத உழைப்பின் மேல் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. மாற்றங்களைச் செய்து நேற்றிரவே அனுப்பிவிட்டேன். மிக்க நன்றி.

செவிவழி:

அந்த நாவலைக் கேட்டுக்கொண்டிருக்கும் வாசகர் நான்தான். முதலில் ஒன்று: நான் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வேகமாக வைத்துக் கேட்பவன். பழகிய காதுக்கு வேகம் தடையில்லை, இடறல்தான் தடை. ஒரு பக்கத்தில் நாற்பது முறை 'அவா கள்' என்று கேட்டால் கதை போய் 'கள்' மட்டும்தான் மிஞ்சும். இப்போது அது தீர்ந்தது.

புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. 34ஆம் பக்கத்தில் ஒரு கிழவி, "வௌக்கைப் பொருத்து" என்கிறாள். அவள் மகன், "நான் கௌம்புறேன்" என்கிறான். முந்தைய கோப்பில் இருவரும் ஒழுங்காகத்தான் பேசினார்கள்.

இன்னொன்று. பிரெயில் காட்சிக்கருவியில் (உரையை விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டுவது) வாசிக்கும் தோழி ஒருவர் இருக்கிறார். ரகரம் அவர் விரலுக்கு 1, 2, 3, 5 ஆகிய நான்கு புள்ளிகள். துணைக்கால் 3, 4, 5. உங்கள் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிபவை அவருக்குத் தூரத்து உறவுகூட இல்லை. பழைய கோப்பை அவரிடம் கொடுத்தபோது, இது எந்த மொழி என்று கேட்டார்.

நிரல்முடிச்சு:

என் தவறு. பேச்சுவழக்கு உரையாடலை நான் நினைக்கவே இல்லை. 'வெளக்கு', 'கெளம்பு', 'வெளஞ்ச' எல்லாவற்றிலும் ளகரம் வெறுமனேதான் நிற்கிறது. அசலைப் பார்த்துத் திருத்தலாம் என்றால், அச்சில் 'கௌ' என்பதும் 'கெள' என்பதும் ஒரே வடிவம். பக்கத்தின் படம் இங்கே சாட்சி சொல்லாது. தமிழ் தெரிந்த ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வதைத் தவிர வழியில்லை. மாற்றிய இடங்களின் பட்டியலை எடுத்துத் தருகிறேன், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கம்புரட்டி:

பட்டியல் கிடைத்தது. 'மௌனம்', 'சௌகரியம்', 'பௌர்ணமி' எல்லாம் சரி. மேற்கோள் குறிக்குள் இருப்பவற்றில்தான் கைவைக்க வேண்டியிருந்தது. கிழவி மறுபடியும் 'வெளக்கு' என்கிறாள்.

பழைய மெய்ப்பர்:

தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ரகரத்திலேயே நிற்கிறீர்கள். 1962 அச்சு என்றதும் எனக்கு வேறொரு கவலை. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முந்தைய நூல்களில் லை, ளை, னை, ணை ஆகியவை யானையின் தும்பிக்கை போன்ற கொம்போடு இருக்கும். றா, னா, ணா ஆகியவை துணைக்கால் இல்லாமல் கீழே சுழித்திருக்கும். இன்றைய எழுத்துருக்களில் பழகிய எழுத்துணரி அவற்றைக் கண்டு விழிக்கும். 'ஆனால்' என்பது 'ஆனுல்' ஆகும், 'என்றால்' என்பது 'என்ருல்' ஆகும். இவை கேட்ட உடனே காதில் குத்தும். பயமில்லை.

பயப்பட வேண்டியது 'னை' என்பது 'னே' ஆவதற்கு. 'அவனை அடித்தான்' என்பது 'அவனே அடித்தான்' ஆகிவிட்டால் குரல் தடையின்றி வாசித்துவிடும். கேட்பவருக்குச் சந்தேகமே வராது, அடி வாங்கியவன் அடித்தவனாகிவிடுவான். ஐயா செவிவழி, இந்தப் பிழையை உங்களால் பிடிக்க முடியாது. சொல்திருத்தியாலும் முடியாது, இரண்டுமே சரியான சொற்கள். இங்கே அசல் படமும் கண்ணும்தான் துணை. 'னே', 'லே', 'ளே', 'ணே' வரும் எல்லா இடங்களையும் தேடி எடுத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். உரையாடலில் ஆசிரியரே 'இல்லே' என்று எழுதியிருக்கக்கூடும்.

செவிவழி:

ஐயா, நீங்கள் சொன்னபிறகுதான் ஒன்று உறைக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் நாயகன் திடீரென்று கெட்டவனாகிவிட்டான். ஆசிரியரின் திருப்பம் என்று எண்ணி ரசித்துக்கொண்டிருந்தேன்.

பக்கம்புரட்டி:

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பார்த்துவிட்டேன், 118ஆம் பக்கம். அசலில் 'அவனைத்தான் எல்லாரும் ஏமாற்றினார்கள்' என்று இருக்கிறது. என் உரையில் 'அவனேதான் எல்லாரும்...' இரண்டு முறை மெய்ப்புப் பார்த்தும் அந்த 'த்' காணாமல் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இந்த நூலில் வரி முடிவில் இணைப்புக்குறி போடாமலே சொல்லை உடைத்திருக்கிறார்கள். 'சொல்லிக்கொண்' ஒரு வரியில், 'டிருந்தான்' அடுத்த வரியில். வரிகளை இடைவெளி விட்டுச் சேர்த்தால் சொல் உடைகிறது, விடாமல் சேர்த்தால் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு வரியையும் கையால்தான் சேர்க்க வேண்டுமா?

பழைய மெய்ப்பர்:

நன்னூல் இதற்காக எழுதப்பட்டதன்று, ஆனாலும் உதவும். ட, ண, ற, ன, ழ, ள ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. வரியின் தொடக்கத்தில் இவற்றுள் ஒன்று இருந்தால் முந்தைய வரியோடு இடைவெளியின்றிச் சேர்த்துவிடலாம். புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கினாலும் அப்படியே. 'டாக்டர்', 'டிக்கெட்' போன்றவை மட்டும் விலக்கு, அவற்றை முதலில் ஒதுக்கி வையுங்கள். க, த, ப, ம என்று தொடங்கும் வரிகளுக்கு விதி உதவாது, அவை கையால்தான்.

நிரல்முடிச்சு:

இந்த விதியை வைத்து ஒரு சிறு நிரல் எழுதிவிடலாம். சிக்கிய வரிகளைத் தானாகச் சேர்க்காமல், வண்ணமிட்டுக் காட்டுமாறு அமைக்கிறேன். கிழவியின் விளக்கை அணைத்த அனுபவம் போதும்.

அதோடு, '௭', '௧', '௨' ஆகிய தமிழ் எண்களையும் தேடிப் பாருங்கள். எகரத்துக்குப் பதில் '௭' வந்திருந்தால், சொல்லின் முதலில் குரல் 'ஏழு' என்று எண்ணத் தொடங்கிவிடும்.

செவிவழி:

பக்கத் தலைப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் நாவலின் பெயர் வருகிறது. ஒரு பெண் அழுதுகொண்டிருக்கும்போது நடுவே தலைப்பு முழங்குகிறது. அவற்றை எடுத்துவிடுங்கள். ஆனால் பக்க எண்ணை எறிந்துவிடாதீர்கள். தனி வரியில் ஒரே மாதிரியான குறியோடு இருந்தால் போதும், தாண்டிப் போய்விடுவேன். இதே நூலை மேற்கோள் காட்ட வேண்டிய மாணவருக்கு அந்த எண்தான் வேண்டும்.

ஆசிரியரின் பழைய எழுத்துமுறையையும் திருத்த வேண்டாம். 'உபயோகம்' என்று எழுதியவருக்குப் 'பயன்பாடு' என்று எழுதிக் கொடுத்த தன்னார்வலர் ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்தான். அவர் கொடுத்தது வேறு புத்தகம்.

பக்கம்புரட்டி:

12 நாள் கழித்து வருகிறேன். 'னே', 'லே' ஒப்பீடு முடிந்தது. தாள் மெல்லியதாக இருந்து மறுபக்க எழுத்து தெரிந்த 20 பக்கங்களை, பின்னால் கறுப்புத் தாள் வைத்து 400 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்தேன். உரை எவ்வளவோ தெளிந்தது. முழுக் கோப்பை அனுப்பியிருக்கிறேன்.

செவிவழி:

நேற்று இரவு முடித்தேன். நாயகன் நல்லவன்தான். 203ஆம் பக்கத்தில் மட்டும் 'ஒளவை' என்று கேட்கிறது.

பக்கம்புரட்டி:

'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக இருந்தன. கொம்போடு சேர்ந்த ளகரத்தைத்தான் தேடினோம், சொல் முதலில் தேடவில்லை. திருத்திவிட்டேன். இப்போது கேட்டுப் பாருங்கள்.