43 வயசு, இடது மோதிர விரல் நுனி இல்லை. கிட்டார் பழகலாமா?

கணபதி டர்னர் (கேள்வி)

வணக்கங்க. கோவை கணபதியில லேத் வேலை பார்க்கறேன். 22 வருசமா டர்னர். பொண்ணு எட்டாவது படிக்கறப்ப ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாசம் கிளாஸ் போனா, பத்தாவது வந்ததும் நின்னு போச்சு. இப்ப அவ திருச்சியில ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா. கிட்டார் பீரோ மேல உறையோட கிடந்துச்சு.

ஆயுத பூசைக்கு வீட்டைத் துடைச்சப்ப அதையும் இறக்கித் தூசி தட்டிப் பொட்டு வெச்சேன். மடியில வெச்சபடியே தடியான கம்பிய ஒரு தடவ சுண்டினேன். சத்தம் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி வயித்துல அதிர்ந்துச்சுங்க. 22 வருசமா மெசின் அதிர்றதைக் கையில வாங்கினவன் நான், இது வேற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கே பழகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

விசயம் என்னன்னா, மூணு வருசம் முன்னாடி அப்ப இருந்த பட்டறையில பவர் பிரஸ்ல மாட்டி இடது மோதிர விரல் நுனி போயிருச்சு. நகம் பாதிதான் இருக்கு. அதுல அழுத்தினா கரண்ட் அடிச்ச மாதிரி சுருக்குங்குது. தினமும் ராத்திரி 9 மணிக்கு அரை மணி நேரம்னு இன்னையோட 26 நாள் ஆச்சு. யூடியூப் பார்த்துதான் பழகறேன். இ மைனர் கார்டு (கம்பிகளைச் சேர்த்து அழுத்தற பிடி) நல்லா கேக்குது. சி பிடிச்சா அஞ்சாவது கம்பி "டப்"புனு செத்துப் போகுது. எஃப் பக்கமே போகலைங்க. நல்லா இருக்கற விரலும் எரியுது.

இங்க ஒரு கடையில கேட்டப்ப, "இந்த விரலை வெச்சுக்கிட்டு இது ஆகாதுங்க, கீபோர்டு வாங்கிக்கங்க"ன்னாங்க. எனக்கு கீபோர்டு வேண்டாங்க, இதுதான் வேணும். கம்பிய மாத்திக் கட்டி வலது கையில பிடிச்சுப் பழகட்டுமா? இல்ல இப்படியே போகட்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நைலான் பிரியன்

அண்ணா, நான் இடது கைக்காரன், அதனால மாத்திப் பிடிக்கற விசயத்தை மட்டும் சொல்றேன். புதுசா பழகறவருக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான், 26 நாள்ல பெருசா எதுவும் நஷ்டம் ஆகிடாது. ஆனா இருக்கற கிட்டாரையே தலைகீழாக் கட்டிட முடியாது. கழுத்து முனையில கம்பி உக்கார்ற நட்ல இருக்கற காடி ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு அகலம். கீழ பிரிட்ஜ் மேல கம்பியைத் தாங்கற சாடிலும் நேரா இருக்காது, சாய்ச்சு வெச்சிருப்பாங்க. தடிக் கம்பிக்கு நீளம் கொஞ்சம் கூட வேணும்னுதான் அந்தச் சாய்வு. மாத்திக் கட்டினா மேல போகப் போக ஸ்ருதி விலகும். இடது கைக்குன்னே செஞ்ச கிட்டார்தான் வாங்கணும், கடையில அது கிடைக்கறது அபூர்வம்.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் ஒண்ணு யார்கிட்டயாவது வாங்கிப் பிடிச்சுப் பாருங்க. இழுவிசை குறைவு, விரலுக்கு மெத்துனு இருக்கும். உங்க கிட்டார்ல நைலான் போட்டுடாதீங்க, அது வேற அமைப்பு.

பழைய மரம்

தம்பி, பாண்டிச்சேரியில 30 வருஷத்துக்கு மேல கிட்டார், வயலின் ரிப்பேர் பார்த்தவன் நான். இப்ப கடை இல்ல, ஆசைக்கு வீட்டுலயே பார்க்கறேன். நீங்க விரலைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க. கிட்டாரைப் பத்தி ஒரு வரி இல்ல. எங்கிட்ட "விரல் வலிக்குது, எனக்கு வராது"ன்னு வந்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு விரல்ல குறையே கிடையாது. கம்பி மரத்துல இருந்து எட்டாத உயரத்துல நிக்கும். அதை அழுத்தி அழுத்தி மனசு விட்டுப் போயிருப்பாங்க. எத்தனை வீட்டுல கிட்டார் பரண்ல கிடக்குது! பார்க்கறப்ப எனக்கு அவ்வளவு வருத்தமா இருக்கும். உங்க பொண்ணு நிறுத்தினதுக்கும் பத்தாவது பரீட்சை மட்டும்தான் காரணமான்னு எனக்குச் சந்தேகம் இருக்கு.

விரல் விஷயத்தையும் சொல்லிடறேன். டோனி அயோமின்னு இங்கிலாந்துக்காரர், பிளாக் சாபத் குழுவோட கிட்டாரிஸ்ட். பர்மிங்காம்ல தகடு வேலை செய்யற ஃபேக்டரியில 17 வயசுல பிரஸ்ல மாட்டி ரெண்டு விரல் நுனி போச்சு, அதுவும் கம்பி அழுத்தற கையில. உங்களுக்கு நடந்த அதே விபத்துதான். அவர் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செஞ்சு, மேல தோல் ஒட்டி, மெல்லிசு கம்பி போட்டு வாசிச்சார். பின்னாடி ஸ்ருதியையும் இறக்கிக்கிட்டார். அவருக்குத் தைரியம் கொடுத்தது ஜாங்கோ ரைன்ஹார்ட்டோட இசைத்தட்டு. ஜாங்கோவுக்கு 1928ல வண்டியில தீப்பிடிச்சு இடது கையில ரெண்டு விரல் முடங்கிப் போச்சு. மிச்ச ரெண்டு விரல்லதான் அவ்வளவு வேகமும். அவங்க மேதைங்க, அது வேற. ஆனா மெல்லிசு கம்பி, இறக்கின ஸ்ருதி, விரல் உறை, மூணும் யார் வேணா செய்யலாம்.

உங்ககிட்ட ஃபீலர் கேஜ் இருக்குமே? 12வது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகப் பட்டை) ஃப்ரெட்டோட தலைக்கும் கம்பியோட அடிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளந்து போடுங்க, முதல் கம்பிக்கும் (மெல்லிசு) ஆறாவதுக்கும் (தடி). அப்புறம் ஆறாவது கம்பிய முதல் ஃப்ரெட்லயும் 14வதுலயும் ஒரே சமயத்துல அழுத்திப் பிடிச்சு, 7வது ஃப்ரெட்ல இருக்கற இடைவெளியையும் பாருங்க.

கணபதி டர்னர்

அய்யா, ரொம்ப நன்றிங்க. உடனே அளந்துட்டேன். 12வது ஃப்ரெட்ல முதல் கம்பி 3.6 மி.மீ., ஆறாவது 4.4. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு பக்கம் அழுத்திப் பிடிச்சப்ப 7வதுல 0.7 கேஜ் தட்டாம உள்ள போகுது. பிரிட்ஜ் மேல சாடில் 5.5 நிக்குது, வெள்ளை பிளாஸ்டிக். கம்பியெல்லாம் துரு. வாங்கின நாள்ல இருந்து மாத்தவே இல்லைங்க.

ஒண்ணு கேக்கணும். வெர்னியர் வெச்சுப் பார்த்தப்ப நட்ல இருந்து முதல் ஃப்ரெட் 36.5, அடுத்தது 34.4, இப்படி குறைஞ்சுட்டே போகுது. இது எந்தக் கணக்குங்க?

பழைய மரம்

மிச்சமிருக்கற நீளத்தை 17.817ஆல வகுத்தா அடுத்த ஃப்ரெட்டுக்கு உள்ள தூரம் வரும். உங்க கம்பி நீளம் 650. வகுத்துப் பாருங்க, 36.48. மிச்சம் 613.5, அதை வகுத்தா 34.4. இப்படியே போனா 12வது ஃப்ரெட் சரியா 325ல, நட்டநடுவுல வந்து விழும். அங்க அழுத்தினா அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில பேசும். வெர்னியர் வெச்சு இதைக் கண்டுபிடிச்ச ஆளை நான் இப்பத்தான் பார்க்கறேன், சந்தோஷமா இருக்கு தம்பி.

இனி வேலை. 4.4ங்கறது ரொம்ப அதிகம். ஆறாவது கம்பி 2.7 பக்கமும், முதல் கம்பி 2 பக்கமும் வந்தா போதும். முதல்ல கழுத்து. 0.7 வளைவு இருக்கு, 0.25 இருந்தா சரி. ஓட்டைக்குள்ள, இல்ல தலையில இருக்கற மூடிக்கு அடியில ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள ஓடற இரும்புத் தண்டு) இறுக்கற மறை நட் இருக்கும். கம்பிய லேசாத் தளர்த்திட்டு ஆலன் கீயால கால் சுத்து இறுக்கி, மறுபடி ஸ்ருதி சேர்த்து, ஒரு நாள் விட்டு அளங்க. மரம் உடனே பேசாது. இறுக்கமா இருந்தா பலம் காட்டாதீங்க.

அது முடிஞ்சதும் 12வதுல திரும்ப அளந்துட்டு, எவ்வளவு இறக்கணுமோ அதைப் போல ரெண்டு மடங்கு சாடிலோட அடியில எடுக்கணும். 12வது நடுப்புள்ளி இல்லையா, சாடில்ல 2 எடுத்தா அங்க 1தான் இறங்கும். ரெண்டு முனைக்கும் கணக்கு வேற வேற வரலாம், தனித்தனியா போடுங்க. பென்சில்ல கோடு போட்டு, சர்ஃபேஸ் பிளேட் மேல 220 உப்புத்தாளை ஒட்டி, செங்குத்தாப் பிடிச்சுத் தேயுங்க. மெசின்ல கொடுத்துடாதீங்க, பிளாஸ்டிக் உருகிடும். அடி தட்டையா இல்லேன்னா சத்தம் பாதியாயிடும். கோட்டுக்கு அரை மி.மீ. முன்னாலயே நிறுத்தி, மாட்டிப் பார்த்துட்டு மிச்சத்தை எடுங்க.

கம்பி 0.010 செட் போடுங்க. கடையில 0.012தான் கையில கொடுப்பாங்க. அங்குலக் கணக்கு அது, 0.25க்கும் 0.30க்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனா இழுவிசை விட்டத்தோட வர்க்கத்துல போறதால முதல் கம்பியில முப்பது சதவீதம் குறையும். போதலேன்னா எல்லாக் கம்பியையும் அரைக் கட்டை (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கிக்கோங்க.

வெள்ளிக்கிழமை ரிகர்சல்

அண்ணே, நான் பாளையங்கோட்டை. சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கேன், சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கேன். அய்யா சொன்ன வேலை முடியுற வரைக்கும் சி-யோட சண்டை போடாதீங்க. மோதிர விரல் வேலையைச் சுண்டு விரல்கிட்ட கொடுத்துருங்க. ஜி-க்கு நடுவிரல் ஆறாவது கம்பி 3ல, ஆள்காட்டி அஞ்சாவது 2ல, சுண்டு விரல் முதல் கம்பி 3ல. டி-க்கு ஆள்காட்டி மூணாவது கம்பி 2ல, நடுவிரல் முதல் கம்பி 2ல, சுண்டு விரல் ரெண்டாவது கம்பி 3ல. முதல் மாசம் சுண்டு விரல் நடுங்கும். அது எல்லாருக்கும் நடுங்குறதுதான், பயப்படாதீங்க.

இ மைனர், ஜி, டி மூணும் வந்தாலே எங்க சர்ச்சுல எத்தனையோ பாட்டுக்குப் போதும். செல்போன்ல ஒரு நிமிஷம் டைமர் வச்சு, இ மைனர்ல இருந்து ஜி-க்கு எத்தனை தடவை சுத்தமா மாறுதுன்னு எண்ணி நோட்டுல எழுதுங்க. என் பிள்ளைக ஆரம்பத்துல ஏழு, எட்டுதான் எழுதுவாங்க. முப்பது வந்துட்டா பாட்டுக்குக் கை தானா ஓடும். அரை மணி ஒரே மூச்சா வேண்டாம். பத்து நிமிஷமா மூணு தடவை உக்காருங்க. நடுவுல விரல் ஆறும்.

இன்னொண்ணு, ஃப்ரெட்டுக்கு நடுவுல அழுத்துறீங்களான்னு பாருங்க. உலோகத்தை ஒட்டி, அதுக்குச் சத்தே பின்னால விரல் இருக்கணும். பாதி பலம் போதும். எங்க பிள்ளைக கையை நான் பிடிச்சு நகத்தினதுல முக்காவாசி இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

நுனி போன விரலைப் பட்டினி போட்டுராதீங்க. ஒரு கம்பியில லேசாத் தொட்டு எடுங்க, அழுத்தாம. சுருக்குனு இருந்தா அன்னைக்கு விட்டுருங்க. பழையபடி வலி எடுத்தா டாக்டர்கிட்ட காட்டணும், பல்லைக் கடிச்சுக்கிட்டு வாசிக்கக் கூடாது.

கணபதி டர்னர்

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதறேங்க. ட்ரஸ் ராட் கால் கால் சுத்தா ரெண்டு தடவ. 7வதுல 0.25 வந்துச்சு. ஆறாவது கம்பி 3.9க்கு இறங்குச்சு, முதல் கம்பி 3.2. சாடில்ல ஒரு முனை 2.4, மறு முனையும் 2.4, கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணாவே வந்துச்சு. மதியச் சாப்பாட்டு நேரத்துல பட்டறையில உக்காந்து தேச்சேன். 22 வருசத்துல எத்தனையோ ஜாப் முடிச்சிருக்கேன், இந்தச் சின்னத் துண்டுக்கு எடுத்த பொறுமையை வேற எதுக்கும் எடுத்ததில்லைங்க. இப்ப ஆறாவது 2.7, முதல் கம்பி 2.0. புதுக் கம்பி 0.010.

மொத நாளே வித்தியாசம் தெரிஞ்சுது. பாளையங்கோட்டை அம்மணி சொன்ன மாதிரி நான் ஃப்ரெட்டுக்கு நடுவுலதான் அழுத்திட்டு இருந்திருக்கேன். சுண்டு விரல் இன்னும் நடுங்குது. இ மைனர் - ஜி நோட்டுல இருக்கறது 6, 8, 8, 11, 9, 13, நேத்து 17. சி-யை சுண்டு விரல் வெச்சுப் பிடிச்சுப் பார்த்தேன், அஞ்சாவது கம்பி செத்துப் போகாம முழுசாக் கேட்டுச்சு. ஒரு தடவதான். அடுத்த தடவ வரலை. ஆனா கேட்டுச்சுங்க. உள்ள சமையல் பண்ணிட்டு இருந்த வீட்டுக்காரம்மாவே எட்டிப் பார்த்தாங்க.

பொண்ணுகிட்ட போன்ல சொன்னேன், கம்பி அவ்வளவு உசரமா இருந்துச்சு சாமின்னு. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "எனக்கும் எரிஞ்சுதுப்பா, கிளாஸ்ல எல்லாருக்கும் அப்படித்தான்னாங்க"ன்னா. பொங்கலுக்கு வர்றா. அதுக்குள்ள 30 வந்துருமான்னு பார்க்கறேன்.

அய்யா, ஒரே ஒரு சந்தேகம். முதல் ஃப்ரெட்ல அழுத்தறது மட்டும் இன்னும் கொஞ்சம் கடினமா இருக்கு. நட் காடியை நானே அரம் வெச்சு இறக்கட்டுங்களா?

பழைய மரம்

வேண்டாம் தம்பி, அங்க மட்டும் கை வெக்காதீங்க. காடி ஒரு மயிரிழை ஆழமாப் போனாலும் வெறும் கம்பி ஃப்ரெட்ல இடிச்சு ரீங்காரம் போடும், அப்புறம் நட்டையே மாத்தணும். ஒரு கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கற கிளிப்) வாங்கி முதல் ஃப்ரெட்ல மாட்டிக்கோங்க. எல்லாக் கம்பியையும் அரைக் கட்டை இறக்கியிருந்தா பழைய ஸ்ருதியே வந்துடும், அழுத்தறதும் லேசாயிடும். அப்பவும் கடினமா இருந்தா பொங்கல் கழிச்சு என்கிட்ட அனுப்புங்க, பார்த்துத் தரேன். காசு வேண்டாம்.