பழைய ராலே: இடது கிராங்க் ஆடுது, புதுக் கப் ஏறல, அவசர உதவி

பாலக்கோடு பையன்:
பழைய ராலே சைக்கிள் ஒண்ணு ரெடி பண்ணிட்டு இருக்கேன். இடது கிராங்க் (பெடல் மாட்டுற கை) லொடலொடன்னு ஆடுது. கிராங்க்கை நடு ஆக்சிலோட இறுக்கிப் பிடிக்கிற காட்டர் பின் மூணு தடவை மாத்தியாச்சு, ரெண்டே நாள்ல மறுபடியும் ஆடுது. ஆக்சிலைத் தாங்குற கப் (பிரேம்ல ரெண்டு பக்கமும் மரை போட்டு ஏறுறது) மாத்தலாம்னு தருமபுரியில புதுசு வாங்கினேன், மரை ஏறல. வலது கப் எவ்வளவு பலமா திருப்பினாலும் அசையல. செயின் கார்டும் இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும், சொல்லுங்க.

ஓசூர் லேத்:
எந்த ராலே தம்பி? இங்கிலாந்து நாட்டிங்ஹாமா, இந்தியாவுல அசன்சோல்ல செஞ்ச சென்-ராலேயா? பின் எத்தனை எம்.எம்.? வலது கப்பை எந்தப் பக்கம் திருப்புறீங்க? புதுக் கப் வாயிலேயே நிக்குதா, ரெண்டு சுத்து போய் இறுகுதா?

மரைக்கணக்கு:
அளவு எடுக்காமல் கடைக்குப் போனால் இப்படித்தான் ஆகும். இதே கேள்விக்கு எத்தனை முறை எழுதியாயிற்று. முதலில் தேடிப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். சாதாரண ஆங்கில மரை அங்குலத்துக்கு 24 பல். ராலே தன் சைக்கிளுக்கு 26 வைத்துக்கொண்டது. விட்டம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பார்த்தால் தெரியாது. கழற்றிய இடது கப்பையும் புதுக் கப்பையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பல்லுக்குப் பல் முழுக்க உட்கார்ந்தால் ஒரே மரை. ஒரு முனையில் உட்கார்ந்து மறு முனையில் கீற்றாக வெளிச்சம் வந்தால் வேறு. பலவந்தமாக ஏற்றாதீர்கள். கப் ஏறும் பிரேம் குழாயின் (ஷெல்) மரை போனால் பிரேமே போச்சு.

காவேரிப்பட்டணம் குமார்:
கப்பை விடுங்க, இது பின் கோளாறுதான். வலது பெடலை அசையாமப் பிடிச்சுக்கிட்டு இடது பெடலை முன்னும் பின்னும் ஆட்டுங்க. இடது மட்டும் ஆடினா பின். ரெண்டு கிராங்க்கும் சேர்ந்து பக்கவாட்டுல ஆடினாத்தான் கப், பால்ஸ் (கப்புக்குள்ள உருளுற இரும்புக் குண்டு).

9.5 எம்.எம். துளையில 9 எம்.எம். பின் போட்டா நட்டு இறுகும், ஆனா பின் உள்ளே சாஞ்சு நிக்கும். பின்னோட சரிவுல மார்க்கர் மை தடவி, தட்டி ஏத்தி, திரும்ப எடுத்துப் பாருங்க. மை முழுசா அழிஞ்சிருக்கணும். ஓரமா ஒரு கோடு மட்டும் அழிஞ்சிருந்தா அந்தக் கோட்டுலதான் உங்க முழு எடையும் நிக்குது. தட்டை அரத்தால கொஞ்சம் கொஞ்சமா ராவிச் சேர்க்கணும். ரெண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில போகணும், இல்லன்னா கிராங்க் ரெண்டும் நேர்கோட்டுல நிக்காது. கிராங்க்குக்கு அடியில இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்துட்டு அடிங்க, இல்லன்னா அடி பூரா பால்ஸ் மேல விழும். பின்னை உள்ளே இறக்குறது சுத்தியல்தான், நட்டு அது வெளியே வராம காக்குறதுக்கு. 20, 30 கி.மீ. ஓட்டினதும் மறுபடி ஒரு அடி, நட்டுக்கு ஒரு முடுக்கு.

பாலக்கோடு பையன்:
இடது மட்டும்தான் ஆடுது. கப் ரெண்டு சுத்து போய் இறுகுது. வலது கப் இடது பக்கமாத்தான் திருப்புறேன். பல்சக்கரத்துல ராலே சின்னமான நாரைத் தலை இருக்கு, பின் சக்கரத்து ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புல (நடுக்குடம்) 57னு போட்டிருக்கு.

ஓசூர் லேத்:
ரெண்டு சுத்து போய் இறுகினா 26 மரைதான்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புல இருக்கிற 57 அந்த ஹப் செஞ்ச வருஷம், 1957. சக்கரம் பின்னால மாத்தினதாவும் இருக்கலாம், அதனால அதை வச்சு மரையை முடிவு பண்ணாதீங்க. வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குறதுதான் சரி.

வலது கப் உல்டா மரை. வலது பக்கமா நின்னு பாத்தா கடிகார முள் போற திசையிலதான் கழலும். இவ்வளவு நாளா நீங்க முடுக்கிட்டு இருந்திருக்கீங்க. முதல்ல சீட் குழாய் வழியா டீசல் ஊத்தி ஒரு ராத்திரி விடுங்க. அரை இஞ்சு போல்ட்டை வெளியே இருந்து கப் துளையில விட்டு, உள்பக்கம் கனமான வாஷர், நட்டு. இடது வாய் வழியா பாக்ஸ் ஸ்பானர் விட்டு நட்டைப் பிடிச்சு நல்லா முடுக்குங்க. அப்புறம் நட்டை விட்டுட்டு போல்ட் தலையை அதே கடிகார முள் திசையில இன்னும் திருப்புங்க. போல்ட் இறுக இறுக கப் கழண்டு வரும். ஸ்பானரும் வழுக்காது.

கழண்டா கப்போட பால் ஓடுற பாதையில பேனா முனையை ஓட்டிப் பாருங்க. தடுக்காம ஓடினா அதே கப்பே போதும். பால்ஸ் மட்டும் புதுசு: கால் இஞ்சு, பக்கத்துக்கு 11. ஆக்சில்ல பின் உட்கார்ற வெட்டு மழுங்கியிருந்தா எந்தப் பின்னும் நிக்காது, ஆக்சிலையே மாத்தணும்.

ஊத்தங்கரை:
துரு இருந்தா ரிம், ஆக்சில் எல்லாத்தையும் புளித்தண்ணியில ஒரு ராத்திரி ஊறப்போடுங்க, பளபளன்னு வரும்.

மரைக்கணக்கு:
ஆக்சிலை அமிலத்தில் போடாதீர்கள். கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை அடையும். டீசலும் பிரஷும் போதும்.

ஊத்தங்கரை:
புளி என்ன ஆசிட்டா சார்? பித்தளைக் குத்துவிளக்கு காலங்காலமா புளியிலதான் தேய்க்கிறோம்.

மரைக்கணக்கு:
புளியிலும் டார்டாரிக் அமிலம்தான் இருக்கிறது. சைக்கிளின் பித்தளை பேட்ஜுக்குச் சரி. மேலே வண்ணம் பூசியிருந்தால் அதற்கும் கூடாது.

காவேரிப்பட்டணம் குமார்:
குரோம் ரிம்முக்குப் புளியே வேண்டாம். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, துரு வரும், குரோம் கீறாது. ஆனா குரோம் உரிஞ்ச இடத்துல துரு திரும்ப வரும், எண்ணெய் தடவி வைங்க.

ஊத்தங்கரை:
விளக்குல வேலை செய்யுறது சைக்கிள்ல செய்யாதா? புளி விளையற மாவட்டத்துல புளியைக் குறை சொல்றீங்க.

ஓசூர் லேத்:
தம்பி கேட்டது கிராங்க். புளிச் சண்டையை வேற இழையில வச்சுக்கங்க. 26 மரைக் கப் கிடைக்கலன்னு லேத்துல கடையக் கொடுக்காதீங்க தம்பி. சாதா இரும்புல செஞ்சா, மேல்தோல் கடினப்படுத்தலன்னா, சீக்கிரமே குழி விழுந்துடும். செயின் கார்டு கடைசியில பாத்துக்கலாம், அது இல்லாமலும் வண்டி ஓடும்.

பாலக்கோடு பையன்:
கப் கழண்டுடுச்சுங்கண்ணா, போல்ட் போட்டுத்தான். பாதை சுத்தமா இருக்கு. பால்ஸ் வாங்கப் போறேன். நன்றி.

காவேரிப்பட்டணம் குமார்:
பின் எத்தனை எம்.எம்.னு இன்னும் சொல்லலையே தம்பி?