தொகுப்பாளர் பார்க்கும் மானிட்டரில் படம் பிந்தி வருகிறது

கேள்வி: ஸ்டுடியோவில் எஸ்டிஐ கேபிளை (வீடியோவை நேரடியாகக் கொண்டுவரும் கேபிள்) விட்டுவிட்டு நெட்வொர்க் வழியாக மானிட்டர்களுக்கு என்டிஐ (நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பும் முறை) கொடுத்துப் பார்க்கிறோம். வானிலை சொல்பவர் பச்சைத் திரை முன்னால் கை நீட்டினால் மானிட்டரில் கை கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது, பாவம் தடுமாறுகிறார். என்ன செய்யலாம்?

பதில் 1: முழு என்டிஐயா, இன்னும் அதிகமாகச் சுருக்கி அனுப்பும் ஹெச்எக்ஸ் வகையா? ஹெச்எக்ஸில் எச்.264 அல்லது எச்.265 என்ற வீடியோ சுருக்கம், அதனால் தாமதம் கூடுதல். முழு என்டிஐ 1080பி60க்கு (நொடிக்கு 60 படம் வரும் ஃபுல் ஹெச்டி) நொடிக்குச் சுமார் 125 மெகாபிட் கேட்கும், ஒரே சோர்ஸ் பல மானிட்டருக்குத் தனித்தனியாக அனுப்பினால் கிகாபிட் போர்ட் சீக்கிரம் நிறைந்துவிடும்.

பதில் 2: அது டிவியா? அப்படியானால் கேம் மோடு போடுங்கள். டிவி தானாகச் செய்யும் பட மெருகேற்றலே பாதித் தாமதமாக இருக்கலாம், கேம் மோடு அதைக் குறைக்கும்.

கேட்டவர்: ஹெச்எக்ஸ்தான், டிவியும்தான்!

பதில் 3: சரி, வானிலைக்கு மட்டும் எஸ்டிஐயே இருக்கட்டும். மேசையில் உட்கார்ந்து பேசுபவர் மானிட்டரைப் பார்த்துக் கை காட்ட வேண்டியதில்லை, அவருக்கு என்டிஐ தாராளம்.