முதல் பிரசவம் 2020 ஊரடங்கில். இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். அந்த இருட்டு திரும்ப வருமா?

தேயிலைத்துளிர் (கோத்தகிரி)

இரண்டாவது குழந்தை, ஏழாம் மாதம் நடக்கிறது. ஸ்கேன் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. பிரசவ வலியை நினைத்துப் பயமில்லை, வீட்டுக்கு வந்த பிறகு வரும் நாட்களை நினைத்தால்தான் வயிறு பிசைகிறது.

முதல் குழந்தைக்கு 2020 ஏப்ரல் முதல் வாரம் வளைகாப்பு வைத்திருந்தோம். முடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மார்ச் 24 சாயங்காலமே எல்லாம் அடைத்துவிட்டார்கள். கீழே நோய் அதிகம், மலையிலேயே இருந்துவிடு என்று எல்லோரும் சொல்ல, இங்கேயே தங்கிவிட்டேன். ஜூனில் பையன் பிறந்தான். அம்மா இரண்டு தடவை இ-பாஸ் போட்டார், இரண்டும் கிடைக்கவில்லை. வெறும் 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டி பெற்றவளால் வர முடியவில்லை.

வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். மாமியாருக்கு சர்க்கரை, அதனால் அவர் மச்சினர் வீட்டிலேயே இருந்துவிட்டார். இவருக்கு டீ பேக்டரியில் வேலை. திரும்பி வந்ததும் வாசலிலேயே குளித்துவிட்டு முன்னறையில் படுத்துக்கொள்வார். குழந்தையைத் தொடவே பயப்படுவார். பையனுக்கு 26 நாள் ஆனபோது தெருவில் ஒருவருக்குக் கொரோனா என்று முனையில் தகரம் அடித்துவிட்டார்கள்.

ஜூலை மழை எப்படி என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். துணி காயவே காயாது. கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, பையனின் துணியை ஒவ்வொன்றாகப் போட்டுத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அழுகை வராது, எதுவுமே வராது. அவன் அழுவது எங்கோ பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது போலக் கேட்கும். ராத்திரி அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் கிடையாது. மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று விடிய விடியப் பார்ப்பேன். எங்கள் வாசலில் பன்னிரண்டு படி, அதன் கீழே தேயிலைச் சரிவு. பையனோடு படியருகே போனால் கையை விட்டுவிடுவேனோ என்று ஒரு நினைப்பு வரும். உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்வேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா பிரசவ லேகியம் கிண்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கேரட் மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் கொடுத்துவிட்டார். இவர் பாட்டிலைச் சானிடைசரால் துடைத்து, ஒரு நாள் முழுக்கத் திண்ணையில் வைத்திருந்தார். ராத்திரி நான் மூடியைத் திறந்தேன். சுக்கு, நெய், கருப்பட்டி, கூடவே லேசாக அடிப்பிடித்த வாசனை. அன்றுதான் முதல் தடவையாக அழுதேன். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை அப்படியே இருந்தேன்.

போனில் கேட்டவர்கள் எல்லாம் காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, பாப்பா பால் குடிக்கிறானா, ஊசி போட்டாச்சா என்றுதான் கேட்டார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

மறுபடியும் வருமா? அந்தப் படி விஷயத்தை டாக்டரிடம் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா? மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பூண்டு (கொடைக்கானல் பக்கம்)

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய ஓடவில்லை. எனக்கு 2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது பிரசவம். டெஸ்டில் பாசிட்டிவ் என்று வந்ததால் பிறந்த உடனே பாப்பாவை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்பது நாள் நர்ஸ் அக்காவின் போனில்தான் என் மகளைப் பார்த்தேன். மார்பு கட்டி, பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றினேன். அம்மாவுக்குக் கொரோனா இருந்தாலும் மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம், இருவரும் சேர்ந்தே இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020லேயே சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஒன்பது நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்தால் இது என் பிள்ளை என்ற நினைப்பே ஒட்டவில்லை. உங்களுக்குப் படி என்றால் எனக்கு அரிவாள்மனை. அதை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டேன். தம்பிதான் வீடியோவில் டாக்டரிடம் பேச ஏற்பாடு செய்தான். சிக்னல் மேலே தண்ணித் தொட்டி பக்கம் மட்டும்தான் கிடைக்கும். தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டாக்டரம்மா பதறவில்லை. "இப்படி நினைப்பு நிறைய தாய்மாருக்கு வரும். அதைக் கண்டு நீங்க பயந்து ஒதுங்குறீங்க பாருங்க, அதைத்தான் நான் கவனிக்கிறேன்" என்றார். யாரும் என் பிள்ளையைப் பிரிக்கவில்லை.

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாலில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும், நிறுத்த வேண்டாம் என்றார். நான் பால் கொடுத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, மூன்றாவது வாரம் பசி எடுத்தது. அப்புறம் டாக்டர் சொன்னபடிதான் படிப்படியாகக் குறைத்தேன். நீங்களாக எதையும் ஆரம்பிக்கவோ திடீரென்று விடவோ வேண்டாம்.

குன்னூர் பெரியம்மா

எங்க காலத்துல பத்துப் பெத்தாங்க, யாருக்கும் இந்த வியாதி இல்லைன்னு நானே பேசியிருக்கேன். இதைப் படிச்சதும் எங்க அக்கா நினைப்பு வந்துருச்சு. பிள்ளை பெத்து இருபது நாள், சுவரைப் பார்த்துப் படுத்தவ திரும்பவே இல்லை. பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாங்க. ஆனா நாப்பது நாளும் வீடு நிறைய ஆள் இருந்தோம். ஒருத்தி பிள்ளையைக் குளிப்பாட்டுவா, ஒருத்தி சாம்பிராணி போடுவா, ஒருத்தி பத்தியம் சமைப்பா. பச்சை உடம்புக்காரியைத் தனியா விட மாட்டோம். உனக்கு அது ஒண்ணுமே கிடைக்கலையே சாமி.

ஓய்வுபெற்ற செவிலியர் (கூடலூர்)

கண்ணு, கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ நான். 2020ல தினமும் போன் போட்டுக் காய்ச்சலும் இருமலும் கேட்ட ஆட்கள்ல நானும் ஒருத்தி. உன் மனசு எப்படி இருக்குன்னு நான் யாரையும் கேட்கலை. அந்த வருத்தத்தோடதான் எழுதறேன்.

உனக்கு வந்தது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு மாதிரிதான் தெரியுது. ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். வந்தே தீரும்னு இல்லை. இந்தத் தடவை முன்னாடியே தெரியும்கிறது உனக்குப் பெரிய பலம். அடுத்த செக்கப்லயே டாக்டர்கிட்ட முதல் பிரசவத்துக் கதையைச் சொல்லிடு, படி விஷயத்தையும் சேர்த்து. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லு. பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு மாறினாலும் இதே மாதிரி சோர்வு வரும்.

பிரசவம் ஆகி மூணாவது நாள், நாலாவது நாள் காரணமில்லாம அழுகை வந்தா அது நிறைய பேருக்கு வர்றதுதான், ரெண்டு வாரத்துக்குள்ள தானா அடங்கும். ரெண்டு வாரம் தாண்டியும் இருந்தா காத்திருக்காதே. இந்த மனச்சோர்வு இருக்கான்னு பார்க்க எடின்பரோ கேள்வித்தாள்னு 1987ல வந்த ஒண்ணு இருக்கு, தமிழ்லயும் இருக்கு. போன ஏழு நாள் எப்படி இருந்தேன்னு பத்தே கேள்வி. பத்தாவது கேள்வி, உன்னையே காயப்படுத்திக்கிற நினைப்பு வந்ததான்னு. அதுல மட்டும் பொய் சொல்லிடாதே.

இன்னொண்ணு வீட்டுக்காரருக்கு. பல நாள் தூக்கமே இல்லாம பரபரன்னு இருக்கறது, சம்பந்தமில்லாம பேசறது, காதுல குரல் கேக்குதுங்கறது, குழந்தையை சாமின்னோ பேய்ன்னோ சொல்றது. இது ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வரும். வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. தாயையும் பிள்ளையையும் தனியா விடக்கூடாது. மந்திரிக்கிறேன்னு ஒரு ராத்திரிகூடக் கடத்தக்கூடாது. குழந்தையைப் பிரிப்பாங்களோன்னு கேட்டியே, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில தாயையும் சேயையும் ஒண்ணா சேர்த்து வைத்தியம் பார்க்கவே 2009லேர்ந்து தனி வார்டு இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு தாங்கலைன்னா 14416க்குப் போடு, மனநல உதவிக்கான காசில்லாத நம்பர், தமிழ்லயே பேசலாம்.

ராத்திரியில நாலஞ்சு மணி நேரம் சேர்ந்தாப்ல உனக்குத் தூக்கம் வேணும். ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வெச்சுட்டா அவர் கொடுக்கட்டும். அப்புறம் அந்தக் கரி அடுப்பு. கதவு ஜன்னலைச் சாத்திட்டு அறைக்குள்ள வைக்காதே கண்ணு. அதுலேர்ந்து வர்ற விஷ வாயுவுக்கு வாசனையே இருக்காது, தூக்கத்துலயே உயிரை எடுத்துடும்.

தேயிலைத்துளிர் (கோத்தகிரி)

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் படித்தார். படி விஷயம் அவருக்கு இப்போதுதான் தெரியும். "தொட்டா உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் தள்ளியே இருந்தேன்" என்றார். காலையில் எழுந்து பார்த்தால் படியோரம் கம்பி வைக்க டேப்பால் அளந்துகொண்டிருக்கிறார்.

அம்மாவிடமும் போனில் சொன்னேன். எட்டாம் மாதமே மேலே வந்துவிடுகிறாராம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த லேகியம் அடிப்பிடிச்சிருந்துச்சா சாமி? அன்னைக்கு அழுதுட்டே கிண்டினேன், அடுப்பைக் கவனிக்கலை" என்றார்.

வருகிற செவ்வாய்க்கிழமை செக்கப். செவிலியர் அக்கா, தைராய்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?